மூன்றாம் வகுப்புக்கு ஆற்றைப் பற்றி எப்படிச் சொல்வது?
டீச்சர், கொள்ளிடக் கரைப் பிள்ளைகள் ‘ஆற்றுக்குப் போகாதே’ என்றால் கேட்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். எப்படிக் கேட்பார்கள்? ஆறுதான் வாசலிலேயே ஓடுகிறதே! ஒரு வாளியில் கலங்கல் தண்ணீரை ஊற்றி, அடி தெரிகிறதா என்று கேளுங்கள். ஆற்றில் மணல் அள்ளிய குழியும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாது: முழங்கால் ஆழம் அடுத்த அடியில் ஆளையே மூழ்கடிக்கும்.

அப்புறம், மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்துவதில்லை. மூச்சுக்கே திணறும்போது குரல் எங்கே வரும்? காப்பாற்றக் குதிக்கும் நண்பனும் சேர்ந்து போய்விடுகிறான். அதனால் குதிக்காமல், மூழ்குகிறவர் பிடித்துக்கொள்ள எதையாவது கரையிலிருந்தே எறியச் சொல்லிக் கொடுங்கள். மைதானத்தில் கரை மாதிரி ஒரு கோடு போட்டு, ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேனில் கயிறு கட்டி எறியப் பழக்குங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கினால் தூரம் போகும். என் வகுப்பில் முதல் கேன் பின்பக்கம் பறந்தது! எறிந்துகொண்டே பெரியவர்களைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும். 108 எண்ணும் மனப்பாடமாக இருக்கட்டும்.