நவம்பரின் கடைசிச் சனிக்கிழமை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நாங்கள் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்குக் குடிவந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு என் மகள் இங்குள்ள ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகுதான் கல்லூரிக் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து, எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. நவம்பர் இறுதியில் மிஷிகன் பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டத்தில் எங்கள் ஊர் அணி 10-13 என்று தோற்றது. பக்கத்து வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன். எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்லர். அவர் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஜனவரியில் இதே அணி நாட்டின் சாம்பியன் ஆனது. வாழ்த்துச் சொல்லப் போனேன். மகிழ்ந்தார், கையைப் பிடித்துக் குலுக்கினார், உடனே, “இருந்தாலும் நவம்பரில் தோற்றுவிட்டோமே” என்றார்.

தான் படிக்காத ஒரு கல்லூரிக்காக ஒருவர் ஏன் இவ்வளவு வருந்துகிறார்? ஆட்டக்காரர்கள் இப்போது பணம் வாங்குகிறார்கள், நினைத்தபோது கல்லூரி மாறுகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அப்படியென்றால் இதில் கல்லூரி என்று எஞ்சியிருப்பது என்ன? வரும் பருவத்தில் மகள் என்னையும் மைதானத்துக்கு அழைக்கிறாள். நீங்கள் மிஷிகன் பக்கத்தவர் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

ஒரு வாசகர், கொலம்பஸ்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒற்றை வரியைத்தான். கல்லூரிக் கால்பந்தைப் பின்தொடர்வது என்றால் என்ன என்பதை அவர் உங்களுக்கு முழுமையாகச் சொல்லிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் செய்யக்கூடியது அதற்குக் கொஞ்சம் விளக்கம் எழுதுவது மட்டும்.

அந்த ஆட்டம் நடந்தது 2024 நவம்பர் 30 அன்று. ஒஹாயோ ஸ்டேட் நாட்டின் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. மிஷிகன் ஏற்கெனவே ஐந்து ஆட்டங்களில் தோற்று, பட்டியலிலேயே இடமில்லாமல் கொலம்பஸுக்கு வந்தது. எங்கள் அணி ஜெயிக்கும் என்று எங்கள் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. தோற்ற பிறகு ஒஹாயோ ஸ்டேட் அணியினர் மனம் தளராமல் டென்னசி, ஓரிகன், டெக்சாஸ் ஆகிய அணிகளை வரிசையாக வென்று, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்டர் டேம் அணியை 34-23 என்று வீழ்த்திப் பட்டம் பெற்றார்கள். ஆயினும், 2021இல் சேர்ந்து நான்கு பருவங்கள் ஆடி முடித்த மாணவர்கள் மிஷிகனை ஒருமுறைகூட வெல்லாமலேயே கல்லூரியை விட்டுப் போனார்கள். நாட்டின் சாம்பியன் பட்டம் அந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை. பட்டத்தைத் தருவது நாடு. நவம்பர் ஆட்டம் இரண்டு அண்டை வீட்டாருக்கு இடையிலான வழக்கு. அதற்கான தீர்ப்பு வேறெங்கிருந்தும் வர முடியாது.

இரண்டு அணிகளும் முதலில் மோதியது 1897இல். 1918 முதல், கொரோனா பரவிய 2020ஐத் தவிர, ஆண்டு தவறாமல் மோதி வருகின்றன. 1835இல் டொலீடோ நகரை ஒட்டிய நிலத்துக்காக மிஷிகனும் ஒஹாயோவும் படை திரட்டிய எல்லைத் தகராறிலிருந்து இந்தப் பகை தொடங்குவதாகப் பலர் எழுதுவார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மைதானத்தில் என் அருகே அமர்ந்திருப்பவர்கள் நினைவில் வைத்திருப்பது அந்தத் தகராறை அன்று, 1950ஆம் ஆண்டின் பனிப்புயல் ஆட்டத்தை. கொலம்பஸில் அன்று கோடுகள்கூடக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பனி கொட்டியது. மிஷிகன் அணி ஆட்டம் முழுவதும் ஒரு ‘ஃபர்ஸ்ட் டவுன்’கூட எடுக்கவில்லை, அதாவது நான்கு முயற்சிகளில் பத்து கஜம் முன்னேறுவது என்ற அடிப்படைக் காரியத்தை ஒருமுறைகூடச் செய்யவில்லை. 24 முறை பந்தை எதிராளியிடம் உதைத்து அனுப்பியது. அப்படியும் 9-3 என்று வென்றது. அப்போது பிறந்தே இராதவர்கள் இதை நேரில் கண்டவர்களைப் போலச் சொல்வார்கள். அவர்களுக்கு அப்பா சொன்னார், அப்பாவுக்குத் தாத்தா சொன்னார்.

நான் இந்த ஊருக்கு வந்த இரண்டாம் ஆண்டு, தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் தன்னிடம் ஒரு டிக்கெட் மிஞ்சியிருப்பதாகச் சொல்லி என்னை அழைத்துச் சென்றார். அவரும் மிஷிகனில் படித்தவர் அல்லர். எங்கள் ஊரான ஆன் ஆர்பரில் உள்ள மிஷிகன் மைதானம் 1927இல் திறக்கப்பட்டது. பெரும்பகுதி நிலத்தைத் தோண்டிக் கீழே இறக்கிக் கட்டப்பட்டது. அதனால் முனைப்பக்க வாயிலை நெருங்கும்போது அதன் அளவு உங்களுக்குத் தெரியவே தெரியாது. இருண்ட வழியில் பத்தடி நடந்து வெளியே வந்தால், நீங்கள் ஒரு பெரிய கிண்ணத்தின் விளிம்பில் நிற்பீர்கள். புல்வெளி காலடியில் வெகு ஆழத்தில் கிடக்கும். அங்கே 1,07,601 பேர் அமரலாம். ஊரின் மக்கள்தொகையே ஏறக்குறைய 1,20,000தான். அலுமினியப் பலகைகளில் எண்கள் எழுதியிருக்கும். ஒருவருக்கு ஒதுக்கிய இடம் குளிர்கால மேலங்கியோடு உட்காரப் போதாது. முதியவர் தன் பையிலிருந்து மடித்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துப் பிரித்து என் காலடியில் போட்டார். “குளிர் மேலிருந்து வருவதில்லை, சிமெண்டிலிருந்து ஏறி வரும்” என்றார். ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்று என் பாதங்களுக்குத் தெரிந்தது.

அன்று அவர் எனக்கு விதிகளைக் கற்றுக்கொடுக்கவில்லை. எதிரே மூன்றாவது வரிசையில் ஒரு காலி இடத்தைக் காட்டி, அங்கே முப்பது ஆண்டுகள் அமர்ந்திருந்தவர் சென்ற வசந்தத்தில் இறந்துவிட்டார் என்றார். அடுத்த ஆட்டத்தில் அங்கே அவருடைய பேத்தி வந்து உட்கார்ந்தாள். களத்தில் ஆடுகிற பையன்கள் நான்கைந்து ஆண்டுகளில் போய்விடுவார்கள், பயிற்சியாளர்களும் போய்விடுவார்கள். மாறாமல் இருப்பது பலகையில் உள்ள எண்ணும், அதில் அமரும் குடும்பமும், ஆண்டின் அந்த நாளும்தான். உங்கள் எலக்ட்ரீஷியன் நண்பர் பின்தொடர்வதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். அவருடைய ஊர் தன்னை ஓர் ஊராக உணரும் நாட்கள் ஆண்டுக்கு ஆறோ ஏழோதான் வருகின்றன. பருவம் முழுவதற்கும் பன்னிரண்டு ஆட்டங்களே. தொழில்முறைப் பேஸ்பால் அணி ஆண்டுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. அங்கே ஒரு தோல்வியை மறுநாள் காலையில் மறந்துவிடலாம். இங்கே தோற்றால் 364 நாட்கள் அதோடு இருக்க வேண்டும்.

பகை என்று எழுதினேன். அதன் அசிங்கமான முகத்தையும் மறைக்க விரும்பவில்லை. நீங்கள் குறிப்பிட்ட ஆட்டம் முடிந்ததும் களத்தின் நடுவே கொடியை நட முயன்றதில் கைகலப்பு மூண்டு, காவலர்கள் மிளகுத்தூள் தெளிப்பானைப் பயன்படுத்தும் அளவுக்குப் போனது. எங்கள் அணியினர் செய்ததற்காக நான் வெட்கப்பட்டேன். ஆனால் 2006ஐயும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு இரண்டு அணிகளும் தோல்வியே காணாமல், முதலிடத்திலும் இரண்டாம் இடத்திலும் நின்று கொலம்பஸில் மோத இருந்தன. முந்தைய நாள் மிஷிகனின் பழைய பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் இறந்தார். ஒஹாயோவில் பிறந்து, ஒஹாயோ ஸ்டேட்டின் பெரும் பயிற்சியாளர் வுடி ஹேயஸிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்று, பிறகு 1969 முதல் 1978 வரை பத்து ஆண்டுகள் அந்தக் குருவையே எதிர்த்து நின்றவர் அவர். மறுநாள் கொலம்பஸ் மைதானத்தில் ஆரவாரம் அடங்கி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒஹாயோ மக்கள் எங்கள் பயிற்சியாளருக்காக மௌனமாக நின்றார்கள். நான் அதைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். பிறகு 39-42 என்று தோற்றோம். மிஷிகன் என்ற பெயரையே உச்சரிக்காமல் “வடக்கே இருக்கும் அந்த அணி” என்று சொல்லும் உங்கள் ஊர்க்காரர்கள்மீது எனக்கு அன்று ஏற்பட்ட மரியாதை இன்றுவரை குறையவில்லை.

இனி, பணம் பற்றிய உங்கள் கேள்வி. ஆட்டக்காரர்கள் பணம் பெறுவதால் கல்லூரி ஆட்டம் கெட்டுவிட்டது என்ற பேச்சை நான் முற்றிலும் மறுக்கிறேன். பிக் டென் கான்ஃபரன்ஸ் எனப்படும் எங்கள் இரு அணிகளும் அடங்கிய குழுமம் 2022இல் செய்துகொண்ட ஏழாண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுபவர்களிலேயே அதிக ஊதியம் வாங்குபவர் கால்பந்துப் பயிற்சியாளர்தான். இவ்வளவு பணமும் யாருடைய உடம்பால் ஈட்டப்பட்டதோ அந்த இருபது வயதுப் பையனுக்குத் தன் பெயரையும் படத்தையும் விற்கும் உரிமை 2021 ஜூலையில்தான் கிடைத்தது. பல்கலைக்கழகங்கள் வருவாயில் ஒரு பங்கை நேரடியாக அவர்களுக்குத் தரலாம் என்று நீதிமன்றம் ஏற்றது 2025 ஜூனில். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி நிலைவரை மட்டும் ஆடி, இறந்தபின் மூளை தானமாக வந்த 53 பேரில் 48 பேரிடம் தொடர்ந்த தலையடியால் வரும் மூளைச் சிதைவு நோய் இருந்தது. அறிகுறி கண்ட குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்ததால் இந்த விகிதத்தை எல்லோருக்கும் பொருத்தக்கூடாதுதான். என்றாலும் அந்த எண்ணைப் படித்த பிறகு, “படிப்புச் செலவைக் கொடுத்தாயிற்றே, போதாதா” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் கல்லூரி மாறுவதும் அப்படியே. பயிற்சியாளர் பெரிய ஊதியத்துக்காக நடுவழியில் விட்டுப்போவதைப் பொறுத்துக்கொள்கிற நாம், பையன் போவதை மட்டும் துரோகம் என்பது நியாயமில்லை.

என்னை உண்மையில் கலங்க வைப்பது வேறொன்று. தொலைக்காட்சிப் பணத்தைத் துரத்திப் பல்கலைக்கழகங்கள் தங்கள் அண்டை வீட்டாரைக் கைவிடுகின்றன. 1984இல் உச்ச நீதிமன்றம் ஒளிபரப்பு உரிமைமீது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்துக்கு இருந்த கட்டுப்பாட்டை நீக்கியதிலிருந்து, பல்கலைக்கழகங்களும் குழுமங்களும் தாமே விலை பேசத் தொடங்கின. விலை ஏற ஏற, வரைபடம் குலைந்தது. அமெரிக்காவின் முதல் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில், இருபது மைலுக்குள் இருந்த ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்ற இரண்டு கல்லூரிகளுக்கு இடையே நடந்தது. அந்த ரட்கர்ஸ் இன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரண்டு பல்கலைக்கழகங்களோடு ஒரே குழுமத்தில் இருக்கிறது. பிரின்ஸ்டனோடு 1980க்குப் பிறகு ஆடவே இல்லை. டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் 2011இல் பிரிந்து, பதின்மூன்று ஆண்டுகள் ஒன்றையொன்று களத்தில் சந்திக்கவில்லை. எட்டு வயதில் அப்பாவோடு முதல் ஆட்டம் பார்க்க வேண்டிய பிள்ளை, அந்த ஆட்டம் திரும்பி வரும்போது கல்லூரியையே முடிக்கும் வயதை எட்டியிருப்பான்.

எல்லாவற்றிலும் கொடுமையானது மேற்குக் கரையில் நடந்தது. நூறாண்டுக்கு மேல் வேர்விட்ட பசிபிக் குழுமத்திலிருந்து 2022, 2023 ஆண்டுகளில் பத்துப் பல்கலைக்கழகங்கள் வெளியேற முடிவுசெய்தன. மிஞ்சியவை இரண்டே: ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். இரண்டும் சிறிய ஊர்களில் இருப்பவை. தொலைக்காட்சிக்கு அவற்றின் பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்களும் நவம்பர் இறுதியில், நன்றி தெரிவிக்கும் நாளையொட்டி ஆடிவந்த ஆட்டம் 2024இல் செப்டம்பருக்குத் தள்ளப்பட்டது. ஊர் திரும்பிய பிள்ளைகளும் பெற்றோரும் விருந்தின் மிச்சத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டுக்கொண்டே சேர்ந்து பார்த்த ஆட்டம் அது. பையன்கள் பணம் வாங்கியதால் அந்த வீட்டில் எதுவும் குறைந்துவிடவில்லை. நாளை மாற்றியவர்கள்தான் அந்த வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டார்கள்.

உங்கள் மகள் அழைக்கும்போது தயங்காமல் போங்கள். விதிகளைப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்பதில்லை. நான்கு முயற்சி, பத்து கஜம் என்பது தெரிந்தால் மற்றவை உட்கார்ந்திருக்கும்போதே விளங்கிவிடும். ஆனால் ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போகாதீர்கள். சில மணி நேரம் முன்னதாக, பக்கத்திலுள்ள செயின்ட் ஜான் அரங்குக்குப் போங்கள். அங்கே பல்கலைக்கழகத்தின் பேண்டு வாத்தியக் குழு ரசிகர்களுக்கு முன் வாசித்துக் காட்டும். பிறகு மைதானத்தில் அவர்கள் நடந்தபடியே ‘ஒஹாயோ’ என்ற சொல்லைக் கூட்டெழுத்தாக எழுதுவார்கள். 1936இல் தொடங்கிய வழக்கம். ஆங்கில ‘ஐ’ எழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு, உடம்பைச் சுற்றிய பெரிய பித்தளை ஊதுகருவியான சூசாபோனை ஏந்திய மூத்த மாணவர் ஒருவர் தனியே நடந்து வந்து நின்று, இடுப்பை வளைத்து மைதானத்தின் இருபுறமும் வணங்குவார். மிஷிகன்காரனான எனக்கே அந்தக் கணத்தில் மேனி சிலிர்க்கும். அப்போது திரும்பி உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பாருங்கள். முடிந்தால் அவரையும் அழைத்துப் போங்கள்.

ஒற்றைப்படை ஆண்டுகளில் ஆட்டம் எங்கள் ஊரில். 2025இன் ஆட்டம் நவம்பர் 29 அன்று. என்னை அழைத்துச் சென்ற முதியவர் இப்போது இல்லை. அவர் வரிசையில் இரண்டு இடங்கள் கிடைக்கும்படி பார்க்கிறேன். நீங்களும் மகளும் உங்கள் அணியின் சிவப்பு உடையிலேயே வாருங்கள். காலடியில் போட அட்டை நான் கொண்டுவருகிறேன்.