சங்கிலியும் பழைய பாக்கியும்

ஐயா, வணக்கம்.

மியான்மரின் யாங்கூனிலிருந்து எழுதுகிறேன். 2019 கடைசியில் என் நண்பன் மலேசியாவுக்கு வேலைக்குப் போகும்போது இரண்டு கியாத்தா (இங்கே தங்கத்தை நிறுக்கும் அளவு) எடையுள்ள தங்கச் சங்கிலியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். 2021 தொடக்கத்தில் கடை வாடகை கட்ட முடியாமல் அதை விற்கும்படி ஆகிவிட்டது. மீட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவனும் எனக்கு மூன்று லட்சம் கியாட் (இந்நாட்டுப் பணம்) பழைய பாக்கி தரவேண்டும். தை மாதம் ஊருக்கு வருகிறான். விற்ற காசைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடாதா? உண்மையைச் சொன்னால் நட்பு முறிந்துவிடும் என்று பயமாக இருக்கிறது. இது துரோகமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துரோகம்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மீட்கும் எண்ணம் இருந்திருந்தால் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிருக்கும். வட்டி ஏறினாலும் ரசீதைக் காட்டித் திருப்பியிருக்கலாம். நகைக்கடைக்கு விற்ற பழைய நகை உருக்கத்தான் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. விற்றால் கை நிறையக் காசு, மாத வட்டி இல்லை. அதற்காகத்தான் விற்றீர்கள். ‘மீட்டுவிடலாம்’ என்ற நினைப்பு அந்தக் காரியத்தைச் செய்யும் தைரியத்தைக் கொடுத்தது, அவ்வளவே.

அமெரிக்கக் குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி, நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறைக்குப் போனவர்களிடம் பேசி 1953-இல் தன் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் பலர் பணத்தைத் தொடுவதற்கு முன்பே ‘கடனாகத்தானே எடுக்கிறோம்’ என்று தமக்குள் சொல்லிக்கொண்டவர்கள். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு நெருக்கடியும் அவர்களுக்கு இருந்தது. நீங்களும் விற்பதற்கு முன் மலேசியாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. வாடகை பாக்கியைச் சொல்லக் கூச்சப்பட்டீர்கள்.

பழைய பாக்கிக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து, நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே அது எப்போது மனதில் தோன்றியது என்று எழுதுங்கள். விற்ற நாளுக்குப் பின் வந்ததையெல்லாம் அடித்துவிடுங்கள். மூன்று லட்சம் அந்தத் தாளில் மிஞ்சாது என்று நினைக்கிறேன்.

விற்ற காசைக் கொடுக்கும் யோசனைதான் எல்லாவற்றிலும் மோசம். அது இரண்டாவது முறை எடுப்பது. 2021 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 1,330 கியாட். 2022 ஆகஸ்டில் மத்திய வங்கியே அதை 2,100 என்று வைத்தது, வெளிச்சந்தையில் அதற்கும் மேல். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் ஈடில்லாமல் செல்லாமல் போன நாடு இது. காசை நம்ப முடியாமல்தான் இங்கே ஆட்கள் தங்கமாக வைக்கிறார்கள். அவர் உங்களிடம் கொடுத்தது தங்கம். கடனும் தங்கம்தான்.

ஒரு கியாத்தா என்பது 16 பெ, ஏறக்குறைய 16.3 கிராம். உங்கள் கடன் 32 பெ. என்ன தரத் தங்கம் என்று விற்ற ரசீதில் பாருங்கள், அதே தரத்தில் திருப்புங்கள். புதுச் சங்கிலிக்குச் சேதாரமும் கூலியும் சேரும், அதுவும் உங்கள் பொறுப்பு. மொத்தமாக முடியாதென்றால் மாதம் 2 பெ வாங்கிச் சேர்த்தால் 16 மாதம். தவணையைக் கியாட்டில் எழுதாதீர்கள், எடையில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

அவர் தை மாதம் வந்து கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே போனில், குரலில் சொல்லுங்கள், மெசேஜ் வேண்டாம். என்று விற்றீர்கள், எவ்வளவுக்கு, எப்படித் திருப்புவீர்கள் என்பது போதும். ராய் லெவிக்கியும் சக ஆய்வாளர்களும் 2016-இல் மன்னிப்புக் கோருதலை ஆறு பகுதிகளாகப் பிரித்துச் சோதித்தார்கள். ‘தப்பு என்னுடையது’ என்று ஒப்புக்கொள்வதே அதிகம் எடுபட்டது. ‘மன்னித்துவிடு’ என்று கேட்பது கடைசியில் வந்தது. அதனால் கேட்காதீர்கள். கேட்டால் உங்களைத் தேற்றும் வேலையும் அவர் தலையில் விழும்.

அதற்குப் பிறகு அவர் பேசுவதும் பேசாமல் விடுவதும் அவர் விருப்பம். அவர் முகம் கொடுக்காவிட்டாலும் தவணை நிற்கக்கூடாது. அவர் வீட்டார் யாரிடமாவது கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

மூன்று லட்சத்தை நீங்களாக எடுக்காதீர்கள். வேண்டுமென்றிருந்தால் 2019-இல், சங்கிலியை வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.