பிளகின் போனது, பதிவுகள் போகவில்லை: வேலூர் வட்டாரக் கேள்விகளுக்குப் பதில்கள்

வேர்ட்பிரஸ் மென்பொருளில் இணையதளம் நடத்தும் வேலூர், ராணிப்பேட்டை, ஆரணிப் பகுதி அன்பர்கள், பிளகின்களை (தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) நீக்கிய பின் மிஞ்சும் பதிவுகளைப் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்.

குடியாத்தம், லுங்கி மொத்த வியாபாரி: பிளகினை நீக்கிய பிறகும் அதன் பதிவுகள் தரவுத்தளத்தில் ஏன் இருக்கின்றன?

முடக்குவது வேறு, நீக்குவது வேறு, ஐயா. முடக்கினால் பதிவுகள் இருக்கத்தான் வேண்டும். நாளையே நீங்கள் மறுபடி இயக்கலாம் அல்லவா? நிர்வாகப் பக்கத்தில் 'நீக்கு' கொடுத்தால், பிளகினை எழுதியவர் துப்புரவுக்கென்று வைத்திருக்கும் நிரலை வேர்ட்பிரஸ் ஓட்டும். அவர் எதுவும் எழுதாவிட்டால் எல்லாம் அப்படியே கிடக்கும். ஃபைல் மேனேஜரில் போய் ஃபோல்டரை அழித்திருந்தால் அந்த நிரல் ஓட வாய்ப்பே இல்லை. அப்படிச் செய்தவர்கள் அதே பிளகினை மீண்டும் நிறுவி, அமைப்புகளில் 'நீக்கும்போது தரவையும் அழி' என்ற தேர்வு இருந்தால் அதைக் குறித்துவிட்டு, முறைப்படி நீக்குங்கள். தரவுத்தளத்தில் கை வைப்பதற்கு முன் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும்.

ஆரணி, பட்டுப்புடவைக் கடை: தளம் மெதுவாகிவிட்டது. இந்த மிச்சங்கள்தான் காரணமா?

இருக்கலாம், அம்மா. ஆனால் எல்லா மிச்சமும் தளத்தை மெதுவாக்காது. யாரும் திறக்காத பழைய அட்டவணை இடத்தை அடைக்குமே தவிர, பக்கத்தைத் தாமதப்படுத்தாது. பார்க்க வேண்டியது, தளத்தின் அமைப்புகளைச் சேமிக்கும் ஆப்ஷன்ஸ் அட்டவணை. அதில் ஆட்டோலோடு என்று குறிக்கப்பட்ட வரிகள் எல்லாம், யார் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மொத்தமாக ஏற்றப்படும். பிளகின் போன பிறகும் அதன் வரிகள் தினமும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 2024இல் வந்த வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பு முதல், இந்தச் சுமை சுமார் 800 கேபியைத் தாண்டினால் நிர்வாகப் பகுதியின் 'தள நலம்' பக்கமே எச்சரிக்கிறது. தரவுத்தளத்தைத் திறந்து பார்க்கும் கருவியான பிஎச்பிமைஅட்மினில் அந்த வரிகளை அளவு வாரியாக இறங்குவரிசையில் அடுக்கிப் பாருங்கள். பாரம் பெரும்பாலும் மேலே உள்ள சில வரிகளில்தான் இருக்கும். பெயரின் முன்னொட்டே அது எந்தப் பிளகினுடையது என்று காட்டிக்கொடுக்கும். உரிமையாளர் யார் என்று தெரியாத வரியைத் தொடாதீர்கள்.

சத்துவாச்சாரி, கல்லூரி மாணவர்: முன்னொட்டை வைத்து ஒரே கட்டளையில் அழித்துவிடலாமா, அண்ணா?

அழிக்கலாம், தம்பி. ஆனால் முதலில் முழு பேக்கப். பிறகு அதே நிபந்தனையோடு, அழிக்காமல் காட்ட மட்டும் செய்யும் 'செலக்ட்' கட்டளையைப் போட்டு, வருகிற ஒவ்வொரு பெயரையும் படித்துப் பார். பெயரின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் 'லைக்' தேடலில் அடிக்கோடு எந்த ஓர் எழுத்துக்கும் பொருந்தும். எஸ், எல், அடிக்கோடு என்று தொடங்குபவற்றை அழிக்கப் போனால், ஸ்லைடர் என்று தொடங்கும் வேறு பிளகினின் வரிகளும் சேர்ந்தே போகும். அடிக்கோட்டுக்கு முன் பின்சாய்வுக்கோடு (\) இட வேண்டும். இன்னொன்று: நீளமான மதிப்புகளின் உள்ளே புகுந்து திருத்தாதே. ஒவ்வொரு சொல்லின் நீளமும் அதில் எண்ணாகப் பதிந்திருக்கும். ஓர் எழுத்து கூடினாலும் வேர்ட்பிரஸால் அந்த மதிப்பைப் பிரித்துப் படிக்க முடியாது.

ஆம்பூர், காலணிக் கடை: இணையக் கடைக்கான வூகாமர்ஸ் பிளகினை நீக்கினேன். பழைய ஆர்டர்கள் இன்னும் இருக்கின்றனவே?

அது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் அதற்கு அனுமதி தரும் ஒரு வரியை எழுதினால் ஒழிய ஆர்டர்களை அது அழிக்காது. வரிக் கணக்குக்குத் தேவையானவற்றை முதலில் எடுத்து ஆடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

வேலூர், லாட்ஜ் நடத்துபவர்: பழைய முன்பதிவு பிளகினின் அட்டவணை கிடக்கிறது. இடைஞ்சல் இல்லை. அப்படியே விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு மருத்துவம் பார்க்க மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து உங்களிடம் தங்கியவர்களின் பெயர், கைபேசி எண், சில இடங்களில் அடையாள அட்டை எண்கூட அதில் இருக்கும். பிளகின் போனதால் நிர்வாகப் பக்கத்தில் அது உங்கள் கண்ணில் படாது. தளத்துக்குள் புகுந்த திருடனுக்கு முழுதாகக் கிடைக்கும். நோயாளியோடு அல்லாடும் குடும்பத்தின் எண் மோசடிக்காரன் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கம் முடிந்த தகவலை அழிக்கவே சொல்கிறது. சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகளைத் தனியே எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, அட்டவணையை 'டிராப்' செய்யுங்கள், அதாவது முழுதாக நீக்கிவிடுங்கள். பழைய பேக்கப் கோப்புகளிலும் இதே தகவல் இருக்கும். அவற்றைத் தளத்தின் பொது ஃபோல்டரில் போட்டு வைக்காதீர்கள்.

வாலாஜாபேட்டை: ஆயிரக்கணக்கான வரிகளை அழித்தும் ஹோஸ்டிங் கணக்கில் அளவு குறையவில்லையே?

இன்னோடிபி என்ற சேமிப்பு முறையில் உள்ள அட்டவணையில் வரியை அழித்தால் அந்த இடம் உள்ளேயே காலியாக இருக்கும், கோப்பு சுருங்காது. பிஎச்பிமைஅட்மினில் 'ஆப்டிமைஸ் டேபிள்' கொடுங்கள். பெரிய அட்டவணை என்றால் கூட்டம் குறைந்த இரவு நேரத்தில் செய்யுங்கள்.