ஆர்டருக்குள் கலர், கலருக்குள் சைஸ்: அடுக்குத் தரவுக்கு மாதிரி உருவாக்குதல்

வணக்கம் ஐயா,

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் கணக்கு மென்பொருள் எழுதும் நிறுவனமொன்றில் பைத்தான் நிரலராக இருக்கிறேன். எங்கள் தரவு மாடலில் ஓர் ஆர்டருக்குள் பல ஸ்டைல்கள், ஸ்டைலுக்குள் கலர்கள், கலருக்குள் சைஸ்வாரி எண்ணிக்கை, அதற்கும் கீழே அட்டைப்பெட்டிகள் என்று அடுக்கடுக்காகப் போகிறது. சிறிய டெஸ்ட்டுக்குக்கூட மாதிரித் தரவைப் பக்கம் பக்கமாகக் கையால் எழுத வேண்டியுள்ளது. போலித் தரவை உருவாக்கித் தரும் ஃபேக்கர் நூலகத்தால் நிரப்பினால் டெஸ்ட்கள் காரணமில்லாமல் தோற்கின்றன. வாடிக்கையாளரின் உண்மைத் தரவையே நகலெடுக்கலாமா?

வாசகர், அவிநாசி

அன்புள்ள நண்பருக்கு,

உண்மைத் தரவை நகலெடுக்க வேண்டாம். பையர் கொடுக்கும் விலையும் ஏற்றுமதியாளரின் வங்கி விவரமும் நிரலர்களின் மடிக்கணினிகளில் இருக்க வேண்டியவை அல்ல. அதோடு, பழைய ஆர்டர்களில் இதுவரை நடந்தவை மட்டுமே இருக்கும். இனி வரக்கூடிய சிக்கலான ஆர்டருக்கு அவை உங்களைத் தயார்ப்படுத்தா.

டெஸ்ட்கள் தோற்பதற்குக் காரணம் உண்டு. ஃபேக்கர் ஒவ்வொரு புலத்தையும் (தேதி, எண்ணிக்கை போன்ற ஒவ்வொரு விவரத்தையும்) தனித்தனியாக நிரப்புகிறது. ஒரு புலத்துக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவை அது அறியாது. உங்கள் ஆர்டரிலோ சைஸ் எண்ணிக்கைகளைக் கூட்டினால் கலரின் மொத்தம் வர வேண்டும், பெட்டிகளில் அடைத்த உருப்படிகளும் அதே தொகைக்கு வர வேண்டும், அனுப்பும் தேதி ஆர்டர் தேதிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். சாயப்பட்டறையின் பில்லைப் பாருங்கள். ஜிஎஸ்டி எண்ணின் 15 எழுத்துகளில் முதல் 2 மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த 10 பான் எண், கடைசி எழுத்து முந்தைய 14 எழுத்துகளிலிருந்து கணக்கிடப்படுவது. பட்டறை பெருந்துறையில் இருந்தால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என இரண்டும், வெளிமாநிலத்தில் இருந்தால் ஐஜிஎஸ்டி மட்டும் வரும். கண்டபடி நிரப்பிய பில்லை உங்கள் நிரல் நிராகரித்தால் அது சரியாகவே வேலை செய்கிறது.

ஆகவே, சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய மதிப்புகளையும் அவற்றிலிருந்து கணக்கிட்டே பெற வேண்டியவற்றையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சைஸ் எண்ணிக்கை முதல் வகை. கலரின் மொத்தம் இரண்டாம் வகை. பின்னர் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ஃபேக்டரி, அதாவது மாதிரித் தரவை உருவாக்கித் தரும் நிரல்பகுதி, எழுதுங்கள். ஃபேக்டரி பாய் நூலகத்தில் சப்ஃபேக்டரி உள்ளடுக்கை உருவாக்கும், லேஸிஆட்ரிப்யூட் கணக்கிட்ட மதிப்பைத் தரும், செல்ஃப்ஆட்ரிப்யூட் வழியாகக் கீழடுக்கு தன் மேலடுக்கின் மதிப்பை எடுத்துக்கொள்ளும். உங்கள் மாடல்கள் தரவைச் சரிபார்க்கும் பைடான்டிக் நூலகத்தில் இருந்தால், பாலிஃபேக்டரி நூலகம் டைப் குறிப்புகளை (ஒவ்வொரு புலத்திலும் எந்த வகை மதிப்பு வரும் என்ற குறிப்புகளை) படித்து எல்லா அடுக்கையும் தானே கட்டிவிடும். ஆனால் கூட்டுத்தொகை பொருந்த வேண்டும் என்பது டைப் குறிப்பில் இருக்காது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மொத்தத்தைக் கணக்கிட உங்கள் மென்பொருளின் செயல்கூற்றையே ஃபேக்டரியிலும் அழைத்தால், அதில் பிழை இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே பிழையோடு ஒத்துப்போகும். டெஸ்ட் எதையும் நிரூபிக்காது. மொத்தத்தைச் சோதிக்கும் டெஸ்ட்டில் எஸ் 10, எம் 20, எல் 20, எக்ஸ்எல் 10, விடை 60 என்று எண்களைக் கையாலேயே எழுதுங்கள். மற்ற டெஸ்ட்களில் அந்தந்த டெஸ்ட்டுக்கு முக்கியமான புலத்தை மட்டும் குறிப்பிட்டு, மீதியை ஃபேக்டரியிடம் விட்டுவிடுங்கள்.

தற்செயல் மதிப்புகளுக்கு விதை எண்ணை (அம்மதிப்புகளின் வரிசை தொடங்கும் எண்ணை) நிலைப்படுத்துங்கள். இல்லையேல் நேற்றுத் தோற்ற டெஸ்ட்டை இன்று மறுபடி தோற்கச் செய்ய முடியாது. அடுக்குகளின் அளவுக்கும் வரம்பு வேண்டும். ஐந்து ஸ்டைல், ஒவ்வொன்றிலும் ஐந்து கலர், ஒவ்வொன்றிலும் ஐந்து சைஸ் என்றாலே 125 வரிகள் ஆகிவிடும். பெட்டி மீண்டும் தன் ஆர்டரைச் சுட்டினால் ஃபேக்டரிகள் முடிவின்றி ஒன்றையொன்று அழைத்துக்கொண்டிருக்கும் என்பதால், அந்தத் திரும்பும் சுட்டை ஓரிடத்தில் வெட்டிவிடுங்கள்.

இவை நிலைத்தபின் ஹைப்பாதெஸிஸ் நூலகத்துக்குச் செல்லலாம். ஹாஸ்கெல் மொழிக்காக உருவான குவிக்செக் என்ற சோதனை நூலகத்தின் வழியில் வந்த அது, பல்வேறு தரவுகளைத் தானே உருவாக்கிச் சோதித்து, தோல்வி கண்டால் அதே தோல்வியைத் தரும் மிகச் சிறிய எடுத்துக்காட்டாகச் சுருக்கித் தரும். சைஸ்களே இல்லாத ஒரு கலரைத்தான் அது முதலில் உங்கள் முன் வைக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.