மரதன் ஓடலாம், நோவுக் குளிசையை வீட்டில் வையுங்கள்

கேள்வி: வணக்கம் டொக்டர். எனக்கு வயது 37. கிளிநொச்சியில் அலுவலக வேலை. இரண்டு வருடமாக விடியற்காலையில் இரணைமடுப் பக்கம் ஓடுகிறேன். கிழமையில் மூன்று நாள் 8 கிலோமீற்றர், ஞாயிற்றுக்கிழமை 12. கொழும்பில் நடக்கும் மரதனுக்கு, முழுத் தூரத்துக்கும், பெயர் கொடுத்துவிட்டேன். இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. எனக்கு மூன்று பயம். 2009இல் பட்ட செல் துண்டு ஒன்று இடது கெண்டைக்காலில் இன்னும் இருக்கிறது, எடுக்கத் தேவையில்லை என்று அப்போது சொன்னார்கள். அப்பா செட்டிகுளத்தில் கமம் செய்தவர், சிறுநீரக வருத்தத்துக்கு வவுனியாவில் கிளினிக் போகிறார். நான் ஒரு தடவையும் சோதித்துப் பார்த்ததில்லை. அப்புறம், 10 கிலோமீற்றர் தாண்டினால் வலது முழங்கால் முன்பக்கம் நோகிறது. ஏற்கனவே அங்கே ஓடிய நண்பர் ஒருவர், “தொடங்க அரை மணித்தியாலத்துக்கு முன்னம் ஒரு நோவுக் குளிசை போடு, தண்ணீர் தரும் இடமெல்லாம் நின்று நிறையக் குடி, ஒன்றும் செய்யாது” என்கிறார். அப்படிச் செய்யலாமா?

பதில்: தம்பி, நண்பர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அவர் சொன்ன இரண்டையும் செய்ய வேண்டாம். குளிசையும் வேண்டாம், தாகம் இல்லாமல் குடிக்கும் தண்ணீரும் வேண்டாம். நீங்கள் ஓடலாமா என்று கேட்டால், ஓடலாம் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு முன்னம் ஒரு இரத்தப் பரிசோதனையும் ஒரு சலப் பரிசோதனையும் செய்ய வேண்டும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விடியப்புறம் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடுகிற இளம் ஆட்களை வன்னியில் இப்போது அடிக்கடி காண்கிறேன். பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. அவர்கள் எல்லாருக்கும் இது தேவைப்படும்.

செல் துண்டின் கதையை முதலில் முடித்துவிடுவோம். சதைக்குள் நின்றுவிட்ட துண்டைச் சுற்றி உடம்பே தழும்பு மாதிரி ஒரு உறையைக் கட்டிவிடும். இத்தனை வருடம் தொந்தரவு தராத துண்டு, ஓடுவதால் பெயர்ந்து எங்கேயோ போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. என்றாலும் ஒரு எக்ஸ்ரே எடுத்து அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். கெண்டைச் சதைக்குள் என்றால் பரவாயில்லை. மூட்டுக்குள்ளோ மூட்டை ஒட்டியோ நின்றால் சத்திரசிகிச்சை நிபுணர் பார்க்க வேண்டும். ஓடத் தொடங்கிய பிறகு அந்த இடம் வீங்கினால், சிவந்தால், சீழ் வந்தால், பாதம் விறைத்தால் அப்போதும் காட்டுங்கள். ஓட்டத்துக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்றைக்காவது உங்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதினால், உடம்பில் உலோகத் துண்டு இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்பை இழுக்கும். எங்கள் ஆட்கள் பலர் நோ இல்லாததால் துண்டையே மறந்து போயிருக்கிறார்கள். கேட்டால்தான் நினைவு வருகிறது.

சரி, சிறுநீரகத்துக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அதுதான்.

ஓடத் தொடங்கினால் இதயம் தள்ளும் இரத்தத்தில் பெரும் பங்கு கால் சதைக்கும் தோலுக்கும் போகிறது. சதைக்கு ஒட்சிசன் வேண்டும், தோல் வியர்த்துச் சூட்டைக் கழிக்க வேண்டும். அந்த நேரத்தில் சிறுநீரகத்துக்குக் கிடைக்கும் இரத்தம் வழமையில் பாதிக்கும் கீழே இறங்கலாம். சிறுபோகத்தில் குளத்து மட்டம் இறங்கியதும் பங்கு வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரி. சிறுநீரகமும் சும்மா இருக்காது. புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, தனக்கு வரும் சின்ன இரத்தக் குழாயை விரித்து வைத்துக்கொள்ளும். வரத்துக் குறைந்த நேரத்தில் துருசை நன்றாகத் திறந்து பிடிக்கிற வேலை அது. டைக்ளோபெனாக், இபுபுரோபென் போன்ற குளிசைகள் நோவைக் குறைப்பது அதே புரொஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான். முழங்காலில் மட்டும் தடு, சிறுநீரகத்தை விட்டுவிடு என்று குளிசைக்குச் சொல்ல முடியாது. குளம் வற்றிய நாளில் துருசையும் இறக்கிவிட்டால் கடைசி வயலுக்கு என்ன போகும்?

குளிசை போடாமலே மரதன் சிறுநீரகத்துக்குச் சுமைதான். அமெரிக்காவில் ஒரு மரதனில் ஓடிய 22 பேரின் இரத்தத்தையும் சலத்தையும் சோதித்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. ஓட்டம் முடிந்ததும் அவர்களில் 82 வீதமானோருக்குச் சிறுநீரகத்தில் தற்காலிகமான பாதிப்பின் அடையாளம் இருந்தது. இரண்டு நாளில் அது தணிந்துவிட்டது. அவர்கள் நல்ல சிறுநீரகத்தோடு ஓடியவர்கள். ஏற்கனவே கொஞ்சம் பழுதான சிறுநீரகம் அதே மாதிரித் தேறும் என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

உங்கள் அப்பாவின் வருத்தம் எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. ஆனால் செட்டிகுளத்தில் கமம் செய்தவர் என்றதுமே எனக்கு யோசனை வருகிறது. சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத கமக்காரர்களின் சிறுநீரகம் கெட்டுப் போவதை 1990களில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் முதலில் கவனித்தார்கள். வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் அந்த நோய் உண்டு. கிணற்றுத் தண்ணீர், விவசாய மருந்து, வெயிலில் வியர்த்து உடம்பு காய்வது என்று பலதும் சந்தேகிக்கப்படுகிறது, ஒரே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை. முக்கியமானது என்னவென்றால், தொடக்கத்தில் ஒரு அறிகுறியும் இருக்காது. கால் வீங்கும்போது பாதிக்கு மேல் போயிருக்கும். நீங்களும் அதே வீட்டில், அதே கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்தானே. ஓடுகிறவருக்கு இந்த வருத்தம் வராது என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆகவே இந்த மாதத்துக்குள் இரத்தத்தில் கிரியேற்றினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சலத்தில் அல்புமினும் (சிறுநீரகம் கசிய விடக்கூடாத புரதம்) பாருங்கள், பிரஷரும் பாருங்கள். ஒரு விசயத்தில் கவனம் வேண்டும். சோதிக்கிறதுக்கு முன்னம் இரண்டு நாள் ஓடாமல் இருங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு கிரியேற்றினின் கூடி நிற்கும், சலத்திலும் புரதம் தெரியும். ஞாயிறு ஓடிவிட்டுத் திங்கள் இரத்தம் கொடுத்துப் பயந்து வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். முதல் நாள் இரவு இறைச்சியும் நிறையச் சாப்பிட வேண்டாம்.

வேலைநோவுக்குக் குளிசை போடுவது எங்கள் பக்கத்தில் பழக்கமாகிப் போயிற்று. வரம்பு கட்டிவிட்டு ஒன்று, மருந்து அடித்துவிட்டு ஒன்று என்று மருந்துக்கடையில் டொக்டரின் துண்டு இல்லாமலே வாங்கிப் போடுகிறார்கள். நாள் முழுக்க வெயிலில் வியர்த்த உடம்புக்குள் அது போகிறது. மரதன் ஓடுகிறவருக்கும் வயலில் நிற்கிறவருக்கும் இதில் வித்தியாசமே இல்லை. பிரஷருக்கு லொசாட்டன், எனலப்பிரில் போன்றவை குடிப்பவர்கள் இந்தக் குளிசைகளை இன்னும் தள்ளி வைக்க வேண்டும். பனடோல் சிறுநீரகத்துக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. ஆனால் ஓட்ட நாளில் அதுவும் வேண்டாம் என்பேன். நோ என்பது கால் உங்களுக்குச் சொல்லும் செய்தி, அதைக் கேட்டுக்கொண்டு ஓடுங்கள்.

இனித் தண்ணீர். “நிறையக் குடி” என்ற பேச்சு காதுக்கு நல்லதாகத்தான் இருக்கிறது. 2002இல் பொஸ்டன் மரதன் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 வீதமானோருக்குச் சோடியம், அதாவது இரத்தத்தில் உள்ள உப்பு, குறைந்திருந்தது. மூன்று பேருக்கு உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. காரணங்களைத் தேடியபோது முன்னுக்கு வந்தது, ஓடும்போதே உடல் நிறை கூடும் அளவுக்குக் குடித்ததுதான். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்து மெதுவாக ஓடியவர்களில் அது கூடுதலாக இருந்தது. முதல் தடவை ஓடும் நீங்களும் அந்த நேரக் கணக்குக்குள்தான் வருவீர்கள். வெறும் தண்ணீர் கூடி இரத்தத்தில் உப்பு ஐதாகினால் மூளை வீங்கும். விரலில் மோதிரம் இறுகும், தலையிடி, சத்தி, பிறகு புத்தி தடுமாறும், வலிப்பும் வரலாம். பக்கத்தில் நிற்பவர்கள் தண்ணீர் காணாது என்று நினைத்து இன்னும் தண்ணீர் பருக்குவார்கள். நண்பர் சொன்ன நோவுக் குளிசை இங்கேயும் குறுக்கே நிற்கும், மேலதிகத் தண்ணீரைச் சிறுநீரகம் வெளியேற்ற விடாது.

அதற்காகக் குடிக்காமல் ஓடச் சொல்லவில்லை. தாகம் எடுக்கும்போது குடியுங்கள். உங்கள் உடம்பின் கணக்கை இங்கேயே பிடிக்கலாம். ஒரு ஞாயிறு ஓடுவதற்கு முன்னம் சலம் போய்விட்டு, பெனியனைக் கழற்றி நிறை பாருங்கள். ஒரு மணித்தியாலம் ஓடி, துடைத்துவிட்டுத் திரும்பவும் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வை போயிருக்கிறது, இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். முழுவதையும் ஓடும்போதே ஈடு செய்ய வேண்டியதில்லை. முடிவில் ஒன்று ஒன்றரைக் கிலோ குறைந்து வருவது நல்லது, கூடி வந்தால்தான் பிழை. நீண்ட ஓட்டங்களில் ஜீவனி கரைத்துக் கொண்டு போங்கள். பைக்கற்றில் போட்ட அளவுத் தண்ணீரில் கரையுங்கள், கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கொழும்புச் சூடு எங்கள் சூடு அல்ல என்பதையும் மனதில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வன்னியில் வியர்வை வந்த உடனேயே காய்ந்துவிடும். எவ்வளவு போகிறது என்று தெரியாது, ஆனால் காய்வதால் உடம்பு குளிரும். கொழும்புக் கடற்கரைக் காற்றில் ஈரம் கூட. வியர்வை காயாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும், சூடு உள்ளேயே நிற்கும். அதனால் இங்கே ஓடும் வேகத்தை அங்கே பிடிக்கப் பார்க்க வேண்டாம், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கொஞ்சம் நேரம் விட்டுக் கொடுங்கள். ஓடும் ஒருவர் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் கதைத்தால், உடம்பு கொதித்தால் அது சூட்டு அதிர்ச்சியாக இருக்கலாம். வாகனம் வரும் வரை பார்த்திருக்காமல் அந்த இடத்திலேயே குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, ஐஸ் இருந்தால் வைத்துக் குளிர வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

இதயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வீட்டில் கேட்பார்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மரதனும் அரை மரதனும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது இலட்சம் பேரில் 59 பேருக்கு இதயம் நின்றது. ஏறத்தாழ 1,84,000 பேருக்கு ஒருவர். மிகக் குறைவுதான். குடும்பத்தில் இளவயதில் திடீரென்று இறந்தவர் யாராவது இருந்தால், அல்லது ஓடும்போது நெஞ்சு இறுக்கமோ மயக்கமோ வந்திருந்தால், ஈ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் பிரஷர் பார்த்தால் போதும்.

முழங்கால் முன்பக்க நோவு பெரும்பாலும் தொடைச் சதை பலம் காணாமல் சில்லு உரசுவதால் வருவது. வாசற்படியில் ஏறி இறங்குவது, சுவரில் முதுகைச் சாய்த்து அரைவாசி இருந்து நிற்பது, இவற்றை ஒன்றுவிட்ட நாள் செய்யுங்கள். தார் றோட்டைக் குறைத்துக் கிரவல் பாதையில் ஓடுங்கள். ஆனால் நன்றாகப் புழங்கும் பாதையாக இருக்கட்டும். மிதிவெடிப் பலகை நின்ற பக்கங்களில் காட்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கவே கூடாது. ஓடிய நோ அடுத்த நாள் காலையில் போய்விட்டால் தொடரலாம். நொண்ட வைத்தால், வீங்கினால் நிறுத்துங்கள்.

42 கிலோமீற்றர் என்பது ஏறத்தாழ வவுனியாவிலிருந்து மாங்குளம் வரை. பஸ்ஸில் போகும்போது ஒரு நாள் பார்த்துக்கொண்டே போங்கள், தூரம் விளங்கும். 12இலிருந்து அங்கே போக ஐந்து மாதம் மட்டுமட்டாகத்தான் காணும். ஞாயிறு ஓட்டத்தைக் கிழமைக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீற்றராகக் கூட்டி, நான்காவது கிழமை குறைத்து ஓடி, கடைசியில் 30 வரை போய் நில்லுங்கள். அதற்கு மேல் பயிற்சியில் ஓடத் தேவையில்லை. மூன்று மாதம் முடியும்போது 21 கிலோமீற்றரை முழங்கால் நோ இல்லாமல் ஓட முடியவில்லை என்றால், ஏற்பாட்டாளர்களோடு கதைத்து அரை மரதனுக்கு மாறுங்கள். நானாக இருந்தால் முதல் வருடம் அதைத்தான் ஓடியிருப்பேன். கிரியேற்றினின் கூடியிருந்தாலோ சலத்தில் அல்புமின் போனாலோ, சிறுநீரக மருத்துவர் சம்மதிக்கும் வரை இரண்டும் இல்லை.

ஓடிய அன்றும் மறுநாளும் சலத்தின் நிறத்தைப் பாருங்கள். இளமஞ்சள் என்றால் சரி. பிளேன்ரீ நிறத்தில் போனால், அல்லது அரை நாள் ஆகியும் போகவே இல்லை என்றால், சதை நொந்து அதன் சிதைவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரவு பஸ் ஏறிவிட வேண்டாம்.

அப்பாவை அடுத்த தடவை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது உங்கள் பரிசோதனை முடிவையும் கொண்டு போய் அதே டொக்டரிடம் காட்டுங்கள். அப்பாவின் கிளினிக் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கும் எழுதுங்கள்.