உரசிய அலாய் சக்கரம்: வீட்டிலேயே செய்யலாம், ஆனால் எல்லாச் சக்கரத்துக்கும் அல்ல

கேள்வி: எங்கள் காருக்கு 5 வயது. 15 இன்ச் அலாய் சக்கரங்கள், சில்வர் நிறம். பிளாட்பாரத்தை ஒட்டி நிறுத்தி நிறுத்தி, இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் விளிம்பில் உரசிச் சொரசொரப்பாகிவிட்டன. இடப்பக்கப் பின்சக்கரத்தில் வாரம் ஒருமுறை காற்றும் குறைகிறது. கடையில் இரண்டையும் புதிதாக மாற்றச் சொல்கிறார்கள். பட்டி வைத்து, ஸ்பிரே கேன் வாங்கி நானே பெயின்ட் அடித்துவிடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: முன்சக்கரத்தைத் தாராளமாக நீங்களே செய்யலாம். பின்சக்கரத்தில் மட்டும் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். உரசல் என்பது அழகு சம்பந்தப்பட்டது. காற்று இறங்குவது உயிர் சம்பந்தப்பட்டது. பட்டியும் பெயின்ட்டும் பூசினால் இரண்டாவது கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், சரியாகாது.

அந்தப் பின்சக்கரத்தைக் கழற்றி, வழக்கமான அளவுக்குக் காற்று நிரப்பி, சோப்புத் தண்ணீரை எல்லா இடத்திலும் பூசிப் பாருங்கள். டயர் தரையில் படும் பகுதியில் குமிழ் வந்தால் வெறும் பஞ்சர். வால்வில் வந்தால் வால்வை மாற்றினால் போதும். டயரும் சக்கரமும் சேரும் விளிம்பில் வந்தால், அநேகமாக உள்ளே அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருக்கும். டயர் கடையில் டயரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டினால் நின்றுவிடும். கவலைப்பட வேண்டியது உலோகத்திலிருந்தே குமிழ் வந்தால்தான். அது விரிசல். பள்ளத்தில் இறங்கிய அடி பெரும்பாலும் சக்கரத்தின் உள்பக்க உருளையில்தான் விழும். அதனால் வண்டிக்கு வெளியே நின்று எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. கழற்றி, உள்பக்கத்தையும் நனைத்துப் பார்க்க வேண்டும்.

விரிசல் இருந்தால் ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்வார்கள். வேண்டாம். அலாய் சக்கரம் என்பது அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் துளி மெக்னீசியமும் கலந்து வார்த்தது. வார்த்தபின் ஏறக்குறைய 540 டிகிரி வரை சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுக்கிறார்கள். சக்கரத்தின் பலம் பெருமளவு அந்தச் சூட்டுப் பக்குவத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பக்குவம் கலைந்துவிடும். நெளிந்த சக்கரத்தைத் தீயில் காய்ச்சிச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துவதும் இதே தவறுதான். விரிசல் விட்ட சக்கரத்துக்கு மாற்றுச் சக்கரம் ஒன்றே வழி. அந்த ஒன்றுக்கு மட்டும் கடைக்காரர் சொன்னது சரி.

இனி முன்சக்கரம். சில்வர் என்றீர்கள். அது பெயின்ட் அடித்த சில்வர்தானா என்பதைப் பார்த்துவிடுங்கள். டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால், முகத்தில் இசைத்தட்டில் இருப்பதுபோல நுண்ணிய வட்டக் கோடுகள் தெரிகின்றனவா? தெரிந்தால் அது டயமண்ட் கட். கம்பிகளின் முகம் பளபளப்பாகவும் இடுக்குகள் கறுப்பாகவும் இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. அந்தக் கோடுகள் லேத்தில் சீவியதால் வந்தவை. உப்புத்தாளால் தேய்த்தால் அழிந்துவிடும், கையால் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்கான இயந்திரம் உள்ள இடத்தில் கொடுத்துச் சீவலாம். ஒவ்வொரு சீவலிலும் உலோகம் குறைவதால் அதையும் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. கோடுகள் இல்லையென்றால், தொடர்ந்து படியுங்கள்.

சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிக்கொள்ளுங்கள். டயரைப் பிரிக்க வேண்டியதில்லை. ஷாம்பு போட்டுக் கழுவியபின், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த சுத்தமான துணியால் டயர் ஓரம்வரை துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். நான் முதன்முதலில் செய்த சக்கரத்தில் பெயின்ட் அங்கங்கே மீன்கண் போலக் குழிந்து விலகி நின்றது. காரணம், டயருக்குப் பூசிய பாலிஷில் இருந்த சிலிகோன் எண்ணெய். மொத்தத்தையும் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அன்றிலிருந்து துடைப்பதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குகிறேன்.

வேலையின் முக்கால் பங்கு தேய்ப்பதில் இருக்கிறது. துருத்தி நிற்கும் முனைகளை மெல்லிய அரத்தால் ராவிவிட்டு, 120 எண் உப்புத்தாளில் தொடங்குங்கள். பிறகு 240, அதன்பின் 400. நானூறிலிருந்து வாட்டர் பேப்பராக வாங்கி, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியத் தூள் தாளில் அடைக்காது, மூக்கிலும் ஏறாது. வளைவான கம்பிகளுக்குத் தாளைச் சிறு ரப்பர் துண்டில் சுற்றிக்கொள்ளலாம். கிரைண்டர் கூடவே கூடாது. ஒரு நொடியில் குழி பறித்துவிடும். உரசல் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள நல்ல பெயின்ட்டின் ஓரமும் படி தெரியாமல் சரிந்து இறங்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை ஓட்டிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்பட்டால் பெயின்ட் அடித்தபின் கண்ணுக்கும் தட்டுப்படும். பெயின்ட்டுக்கு அடியில் புழு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடுகள் இருந்தால், அந்த அரிப்பு முடியும் இடத்தைத் தாண்டியும் சுரண்டுங்கள்.

ஒரு மில்லிமீட்டர் ஆழக் கீறலுக்குப் பட்டி போதும். எலுமிச்சை அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு ஹார்டனர். திருச்சி வெயிலுக்குச் சீக்கிரமே இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். விளிம்பின் கடைசி முனையில் வைக்காதீர்கள், அடுத்த உரசலில் பெயர்ந்து வந்துவிடும். அங்கே உள்ள பள்ளத்தைத் தேய்த்து மழுக்கிவிட்டால் போதும். கொஞ்சம் தடம் தெரிந்தாலும் இருக்கட்டும்.

பெயின்ட்டுக்கு முன், பழைய விசிட்டிங் கார்டுகளை டயருக்கும் விளிம்புக்கும் நடுவே வரிசையாகச் செருகுங்கள். டேப் ஒட்டுவதைவிட இது சுத்தம். வால்வையும், நட் உட்காரும் குழிகளையும், பின்பக்கம் ஹப்போடு (வண்டியில் சக்கரம் பொருந்தும் தட்டு) ஒட்டும் முகத்தையும் தவறாமல் மறையுங்கள். அங்கே பெயின்ட் படிந்தால், முடுக்கியபின் அது நசுங்கி நட் தளரும்.

வெறும் அலுமினியம் காற்றுப் பட்டதுமே ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும், அதன்மேல் சாதாரண பிரைமர் பிடிக்காது. ஆகவே உலோகம் தெரியும் இடங்களில் மட்டும் எட்ச் பிரைமர் மெல்லிசாக. அதில் அமிலம் இருப்பதால் பட்டியின் மேல் வேண்டாம். அது காய்ந்தபின் எல்லாவற்றின் மேலும் சாதாரண பிரைமர் அடித்து, 600 எண் தாளால் லேசாக நீவிவிடுங்கள்.

நிழலில், காற்று அடிக்காத இடத்தில், காலை 8 மணிக்கு மேல் தொடங்குங்கள். மதிய வெயிலில் துளிகள் சக்கரத்தைத் தொடுமுன்பே காய்ந்து தூசிபோல உட்காரும். ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் லேக்கர் (கடைசியாக அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) வெளுத்துப் போகும். கேனை இரண்டு நிமிடம் குலுக்கி, அட்டையில் அடித்து நிறம் பாருங்கள். சில்வரில் எத்தனையோ சாயல்கள் உண்டு. உரசிய இடத்தில் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும், முகம் முழுவதும் அடியுங்கள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய மூன்று பூச்சு, நடுவே பத்துப் பதினைந்து நிமிடம். பிறகு லேக்கர் இரண்டு மூன்று பூச்சு.

கடையில், ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே லேக்கர் நன்றாக உழைக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அதை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று தரும் கவசம் வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நான் செய்யவே மாட்டேன். சாதாரண லேக்கர் சற்றுக் குறைவாக உழைத்தாலும் போதும். அதற்கும் கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி முகக்கவசம் அணியுங்கள்.

இரண்டு நாள் காயவிட்டு மாட்டுங்கள். நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கையேட்டில் உள்ள டார்க் (முடுக்கும் விசை) அளவுக்கு டயர் கடையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படியே பேலன்சிங்கும் பார்த்துவிடலாம். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். முதல் ஒரு வாரம் பிரஷர் வாஷ் வேண்டாம். அதன்பிறகும் சக்கரத்தில் ஆசிட் கலந்த கிளீனரை ஊற்றவிடாதீர்கள், ஷாம்பு போதும்.