சேஜ் என்கிற கணக்கு மென்பொருளில் டி0, டி2, டி9 என்ற வரிக் கோடுகள் மூன்றிலும் வரி பூஜ்யம்தானே, எதைப் போட்டால் என்ன?

கேட்டவர் பி.காம் முடித்துவிட்டு, மதுரையில் இங்கிலாந்து கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் டிரெய்னியாகச் சேர்ந்திருக்கிறார். வாட் (அந்த ஊர் மதிப்புக் கூட்டு வரி) கோடு தப்பு என்று சீனியர் தினமும் பில்களைத் திருப்பி அனுப்புகிறாராம்.

நானும் மதுரையில் இதே வேலையில்தான் இருக்கிறேன், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் டாலி மென்பொருளில் ஜிஎஸ்டி போட்டுப் பழகிய கையைக் கட்டிப்போடுங்கள். நம் ஊரில் பேங்க் சார்ஜ் என்றால் 18 சதவீதம் வரி உண்டு, வண்டி இன்சூரன்ஸுக்கும் உண்டு. அங்கே சாதாரண பேங்க் சார்ஜும் இன்சூரன்ஸும் வாட் விலக்கு பெற்றவை, அதாவது டி2. இங்கே ஏசி பெட்டியில் சென்னைக்குப் போனால் டிக்கெட்டில் 5 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கும், அங்கே எந்த வகுப்பில் ரயில் ஏறினாலும் வாட் பூஜ்யம், டி0. பெட்ரோல் இங்கே ஜிஎஸ்டிக்குள்ளேயே வரவில்லை, அங்கே முழு 20 சதவீதம், டி1. "இதுக்கு வரி இருக்கும்ல" என்று மனசு சொல்வதை நம்பிக் கோடு போட்டால் பாதிக்குப் பாதி தப்பாகத்தான் போகும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வரித்தொகை மூன்றிலும் பூஜ்யம்தான், ஆனால் அரசுக்குத் தாக்கல் செய்யும் வாட் ரிட்டர்னில் 9 கட்டங்கள் இருக்கின்றனவே, அதில் 6-ஆவது கட்டம் வாட் நீங்கலான விற்பனை, 7-ஆவது வாட் நீங்கலான கொள்முதல். டி0-வும் டி2-வும் இந்தக் கட்டங்களுக்குப் போகும், டி9 என்பது வாட்டுக்குச் சம்பந்தமே இல்லாதவற்றுக்கு, அது ரிட்டர்ன் பக்கமே போகாது. சம்பளம், பிசினஸ் ரேட்ஸ் (கடை, அலுவலகக் கட்டடத்துக்கான வரி), வண்டி வரி, ஒரு பேங்க் கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய பணம் இதெல்லாம் டி9. சம்பளத்தை டி0-வில் போட்டுவிட்டால் 7-ஆவது கட்டம் வீங்கிவிடும், கட்ட வேண்டிய வரி ஒரு பென்னி மாறாது என்றாலும் எச்எம்ஆர்சிக்கு, அதாவது பிரிட்டன் வரித்துறைக்கு, போகிற கணக்கு தப்பு.

டி0-வுக்கும் டி2-வுக்கும் உள்ள வித்தியாசம் விற்பனைப் பக்கத்தில்தான் நன்றாகத் தெரியும், இதை மட்டும் புரிந்துகொண்டால் மீதி தானாக வந்துவிடும். ரொட்டி விற்கிறவருக்கு விற்பனை வரி 0 சதவீதம், ஆனால் அதுவும் வரிக்கு உட்பட்ட விற்பனைதான், அதனால் அவர் அடுப்பு வாங்கும்போது கட்டிய வாட்டைத் திரும்பக் கேட்கலாம். பல் டாக்டர் தரும் சிகிச்சை வரிவிலக்கு, அதனால் நாற்காலி வாங்கிய வாட் அவருக்குத் திரும்ப வராது. வாட் பதிவு கட்டாயம் என்கிற 90,000 பவுண்ட் வரம்பிலும் (2024 ஏப்ரலுக்கு முன் 85,000) ரொட்டிக்காரரின் விற்பனை சேரும், டாக்டருடையது சேராது. ஆக, விற்பனையில் டி0-வுக்குப் பதில் டி2 போடுவது அந்த ஆளின் பணத்தைத் தொடுகிற விஷயம். சீனியர் திருப்பி அனுப்புகிறார் என்றால் சரியாகத்தான் செய்கிறார், அவர் மேல் வருத்தப்படாதீர்கள்.

அப்புறம், கோடு என்ன என்று முடிவுசெய்ய வேண்டியது பில், செலவின் தலைப்பு இல்லை. சேஜில் நாமினல் கோடு, அதாவது செலவுத் தலைப்பின் எண், அடித்ததும் அதற்கு வைத்திருக்கும் வாட் கோடு தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், பலர் அதைப் பார்க்காமலே என்டர் தட்டிவிடுகிறார்கள். ஸ்டேஷனரி என்றால் டி1 வரும். ஆனால் அமேசானில் வாங்கிய பேனாக் கட்டுக்கு விற்றவர் யாரோ ஒரு சின்ன வியாபாரி, வாட் பதிவே இல்லாதவர் என்றால் அந்த பில்லில் திரும்பக் கேட்டு எடுக்க வரியே கிடையாது. பில்லில் வாட் எண் இருக்கிறதா, ஜிபி என்று தொடங்கி 9 இலக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், சந்தேகம் வந்தால் பிரிட்டன் அரசின் தளத்திலேயே அந்த எண்ணைச் சரிபார்க்க வசதி இருக்கிறது. பதிவில்லாதவரிடம் வாங்கியதை நாங்கள் டி9-இல் போடுகிறோம், டி0-வில் போடுகிற அலுவலகங்களும் உண்டு, உங்கள் இடத்து வழக்கத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. 20 சதவீத பில்லில் வாட் என்பது மொத்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கு, 120 பவுண்டில் 20. பில்லில் போட்டிருக்கும் வாட் அதற்குக் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் கலப்பு பில். சூப்பர்மார்க்கெட் பில்லில் பால், டீத்தூள், காபித்தூள் டி0, சிப்ஸ், சாக்லேட் பூசிய பிஸ்கட், பாட்டில் தண்ணீர் டி1, ஆகவே இரண்டு பதிவாகப் பிரித்துப் போட வேண்டும். கராஜ் பில்லும் இப்படித்தான்: எம்ஓடி (வண்டியின் வருடாந்திரத் தகுதிச் சோதனை) கட்டணம் அந்தக் கராஜே செய்தது என்றால் பொதுவாக டி9, அதே பில்லில் இருக்கும் ரிப்பேர் வேலை டி1. சாப்பாடு இன்னும் நுணுக்கம், ஆறிய சாண்ட்விச்சைப் பார்சல் வாங்கினால் பூஜ்யம், அதையே கடையில் உட்கார்ந்து சாப்பிட்டால் 20, சூடாக வாங்கினால் பார்சலுக்கும் 20.

இன்சூரன்ஸ் பில்லில் ஒரு பொறி இருக்கிறது. 12 சதவீதம் வரி என்று தெளிவாக அச்சடித்திருப்பார்கள், அது இன்சூரன்ஸ் பிரீமியம் வரி, வாட் இல்லை, திரும்பக் கேட்க முடியாது. மொத்தத் தொகையையும் செலவாக எழுதி டி2 போடுங்கள். இதற்கு நேர் எதிரான பொறி கிளையன்ட் விருந்து. ஓட்டல் பில்லில் வாட் எண், 20 சதவீதம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆனாலும் வாடிக்கையாளரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிட்ட செலவில் வாட் எடுக்கக்கூடாது. ஊழியர்களுக்கு வைத்த விருந்து என்றால் எடுக்கலாம். யார் சாப்பிட்டார்கள் என்பதை எந்த பில்லும் சொல்லாது, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

அயர்லாந்திலிருந்து வரும் விளம்பர பில்லில் வாட் இல்லையே என்று டி0 போட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுச் சேவை என்பதால் அது ரிவர்ஸ் சார்ஜ், அதாவது விற்றவருக்குப் பதில் வாங்கியவரே வரியைக் கணக்கில் காட்டுவது, தனிக் கோடு உண்டு, வரி 1-ஆவது கட்டத்திலும் (கட்ட வேண்டியது) 4-ஆவது கட்டத்திலும் (திரும்பக் கேட்பது) சேர்ந்தே ஏறும்.

பில்லே இல்லாமல் கார்டு ஸ்டேட்மெண்டில் தொகை மட்டும் வந்தால் டி1 என்று யூகித்து வரி எடுக்காதீர்கள், பின்னால் ஆய்வு வந்தால் கையில் காட்ட எதுவும் இருக்காது. தேதி, தொகை, கடை பெயரோடு ஒரு பட்டியல் போட்டு, ரிட்டர்ன் முடிக்கும் வாரத்துக்கு முன்பே கிளையன்டுக்கு அனுப்பச் சொல்லி சீனியரிடம் கொடுங்கள். அங்கே அவர்கள் காலையில் கடை திறக்கும்போது நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம், அதற்குள் பட்டியல் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் அன்றைக்கே பதில் வந்துவிடும்.